மைந்தரை வளர்த்த அன்னையர்: இலக்கியமும் வரலாறும் இல்லமும்

முன்னுரை

பெண் பிள்ளையை வளர்ப்பது குறித்து நம் சமுதாயத்தில் பேசப்படும் அளவிற்கு ஆண் பிள்ளையை வளர்ப்பது குறித்துப் பேசப்படுவதில்லை. மகளுக்கு அடக்கமும் பொறுமையும் வீட்டுப் பொறுப்பும் கற்பிக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மகன் தானாகவே வளர்ந்துவிடுவான் என்றும், அவனுக்கு உணவும் உடையும் பள்ளிக் கட்டணமும் தந்தால் போதும் என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியானதுதானா? தமிழ் இலக்கியமும் இஸ்லாமிய வரலாறும் இதற்கு என்ன விடை தருகின்றன? மகனை வளர்க்கும் தாயின் அன்றாட வாழ்வை மையமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிள்ளைத்தமிழில் ஒலிக்கும் தாயின் குரல்

தமிழில் உள்ள தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியங்களுள் தாயின் குரலிலேயே பெரிதும் அமைந்தது பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்கள். மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை, ஒற்றைப்படைத் திங்கள்களில் இப்பருவங்கள் அமையும் எனப் பாட்டியல் மரபு கூறும்.

புலவர்கள் இவற்றை அணிநலத்தோடு பாடினர். எனினும், இவற்றின் அடித்தளமாய் இருப்பது ஒரு சாதாரணத் தாயின் அன்றாட உழைப்பேயாகும். குழந்தைக்குத் தீங்கு நேராமல் காக்க வேண்டுதல், அது ஒரு கால் மடக்கி ஒரு கால் நீட்டித் தலையெடுத்து ஆடுவதைக் கண்டு மகிழ்தல், நாவசைத்துத் தாலாட்டுதல், கைகொட்டப் பழக்குதல், முத்தம் கேட்டல், தளர்நடையிட்டு வரும் குழந்தையை இரு கை நீட்டி அழைத்தல் ஆகியவற்றை ஏடறியாத தாயும் செய்கிறாள். அவள் செய்வதைப் பார்த்துப் புலவன் இலக்கணம் வகுத்தான்.

அம்புலிப் பருவம் ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும் தாய், சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் கையாளுகிறாள். இனிமையாகப் பேசுகிறாள், குழந்தைக்கும் நிலவுக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்கிறாள், வந்தால் கிடைக்கும் பயனைக் காட்டுகிறாள், வாராவிடில் நேரும் துன்பத்தைக் கூறி அச்சுறுத்துகிறாள். அச்சுறுத்தல் முழுவதும் நிலவுக்கேயன்றிக் குழந்தைக்கு அன்று. பத்துப் பருவங்களிலும் குழந்தையை அடிக்கும் பருவம் என்று ஒன்று இல்லை. பிரம்பால் மகனைத் திருத்த முயல்வோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

தமிழ் முஸ்லிம் புலவர்களும் இவ்வகையில் நூல்கள் பல செய்தனர். செய்யிது அனபியா புலவரின் நபிநாயகம் பிள்ளைத்தமிழ் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. இங்கு நெஞ்சை நெகிழ வைக்கும் ஓர் உண்மை உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்குமுன்பே தந்தை அப்துல்லாஹ் மறைந்தார். ஆறாம் வயதில், மதீனாவிலிருந்து திரும்பும் வழியில், அப்வா என்னும் இடத்தில் அன்னை ஆமினாவும் மறைந்தார். ஹலீமா பாலூட்டினார், உம்மு ஐமன் பேணினார், பின்னர்ப் பெரிய தந்தை அபூதாலிபின் துணைவியார் பாத்திமா பின்த் அஸத் தம் பிள்ளைபோல் வளர்த்தார். பெற்ற தாயின் குரலைச் சில ஆண்டுகளே கேட்க வாய்த்த அந்த அனாதைக் குழந்தைக்கு, பல நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழ்ப் புலவர் ஒருவர் தாயின் குரலில் நூல் முழுதும் தாலாட்டுப் பாடினார். இலக்கிய மரபு என்று மட்டும் இதனைக் கடந்து செல்ல இயலவில்லை.

2. சிற்றிற் பருவம் தரும் பாடம்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் எட்டாவது பருவம் சிற்றில். தெருவில் சிறுமியர் மணலால் சிறுவீடு கட்டி விளையாடுகின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அங்கு வருகிறான். அவன் காலால் உதைத்தால் வீடு சிதைந்துவிடும். சிதைக்க வேண்டா என அச்சிறுமியர் அவனிடம் இறைஞ்சுகின்றனர்.

இப்பருவத்தில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. அதுவரை ஒலித்த தாயின் குரல் ஓய்ந்து, வேறொருவர் வீட்டுப் பெண் பிள்ளைகளின் குரல் எழுகிறது. மகன் வீட்டைவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டான் என்பது இதன் பொருள். அவனுடைய கால்களுக்கு இப்போது வலிமை வந்திருக்கிறது. நடக்கக் கற்பித்தவள் தாய். அந்தக் காலால் எதனை உதைக்கக் கூடாது என்பதையும் அவளே கற்பித்திருக்க வேண்டும். வருகைப் பருவத்தில் ‘வா’ என்று அழைத்த தாய், சிற்றிற் பருவத்தில் ‘நில்’ என்று சொல்லத் தெரிந்தவளாகவும் இருத்தல் வேண்டும். ‘ஆண் பிள்ளை என்றால் அப்படித்தான்’ என்று சிரித்துவிட்டுப் போகும் இல்லங்களில் சிற்றில் மட்டும் சிதைவதில்லை; பின்னாளில் பேரில்லமும் சிதைகிறது.

3. சங்கத் தாயும் குறள் காட்டும் தாயும்

புறநானூற்றின் 312-ஆம் பாடலில் பொன்முடியார் மகனை உருவாக்கும் கடமையைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கிறார். பெற்று வளர்ப்பது தாயின் கடமை; அவனைச் சான்றாண்மை உடையவனாக்குவது தந்தையின் கடமை; வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடமை; நன்னடை நல்குவது வேந்தனின் கடமை; போரில் வென்று மீள்வது அவன் தன் கடமை. ஒரு மகனை ஆளாக்க ஒரு வீடு மட்டும் போதாது, ஊரும் நாடும் துணை நிற்க வேண்டும் என்னும் தெளிவு இப்பாடலில் உள்ளது.

ஆயின், தந்தை இல்லாதபோது என் செய்வது? ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஆம் பாடலின் தாய்க்குத் தமையனும் கணவனும் அடுத்தடுத்த போர்களில் மடிந்துபோயினர். எஞ்சிய ஒரே மகனின் தலைமயிரில் எண்ணெய் தடவிச் சீவி முடித்து அவள் போருக்கு அனுப்புகிறாள். பொன்முடியார் இருவருக்குப் பகிர்ந்த கடமையை இங்கு ஒருத்தியே சுமக்கிறாள். அவளது வீரத்தைப் பலர் போற்றியுள்ளனர். அவள் மகனுக்குத் தலைவாரிவிடும் அந்தச் சிறு செயலை, அன்றாடத் தாய்மையின் அடையாளத்தைப் பலர் கவனிப்பதில்லை.

வள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில், பெற்ற பொழுதினும் மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்கும் பொழுதே தாய் மிகுதியும் மகிழ்வாள் என்கிறார். மகன் செல்வன் ஆனான், பதவி பெற்றான் எனக் கேட்டலை அவர் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது.

4. திருமறை காட்டும் தாய்

திருக்குர்ஆன் தாயின் உழைப்பைப் பொதுவாகப் புகழ்வதோடு நிறுத்தாமல் காலத்தால் அளந்து காட்டுகிறது. லுக்மான் அத்தியாயத்தின் 14-ஆம் வசனம், தாய் துன்பத்தின்மேல் துன்பமுற்றுச் சுமந்ததையும் இரண்டாண்டுகளில் பால்குடி மறக்கச் செய்வதையும் நினைவூட்டுகிறது. அஹ்காஃப் அத்தியாயத்தின் 15-ஆம் வசனம், சுமப்பதற்கும் பால்குடி மறப்பதற்கும் ஆகும் காலம் முப்பது மாதங்கள் என்கிறது.

கஸஸ் அத்தியாயத்தில் நபி மூஸா (அலை) அவர்களின் அன்னை காட்டப்படுகிறார். ஃபிர்அவ்னின் கொடுமைக்கு அஞ்சிக் குழந்தையை ஆற்றில் விட வேண்டிய நிலை. இறைவன் அறிவித்தபடி அவர் விட்டார்; ஆயினும் அவர் உள்ளம் வெறுமையாயிற்று என்று திருமறை கூறுகிறது. நம்பிக்கையும் கலக்கமும் ஒரே தாயின் உள்ளத்தில் ஒருங்கே இருந்தன. மகனைத் தொலைவூர் விடுதியில் சேர்த்துவிட்டு வீடு திரும்பும் தாயும், கடல் கடந்து வேலைக்கு அனுப்பிவிட்டு வாயிலில் நிற்கும் தாயும் இவ்வசனத்தின் பொருளை உரையின்றியே உணர்வர்.

5. உம்மு சுலைம் கற்பித்த நம்பகம்

நபித்தோழியருள் உம்மு சுலைம் (ரலி) அவர்கள் மகனை வளர்த்த முறை மாணவர் அறிய வேண்டியது. அவர் இஸ்லாத்தை ஏற்றதைக் கணவர் மாலிக் விரும்பவில்லை. கணவர் ஷாம் நாட்டுப் பக்கம் சென்று, அங்கேயே கொல்லப்பட்டார். மகன் அனஸ் சிறுவர். நபிகளார் மதீனா வந்தபோது, ஏறத்தாழப் பத்து வயதினராய் இருந்த மகனை அழைத்துச் சென்று, அவர்களுக்குப் பணிவிடை செய்யுமாறு ஒப்படைத்தார் அந்த அன்னை.

ஒரு நாள் அனஸ் வீடு திரும்பக் காலம் தாழ்ந்தது. காரணம் கேட்டார் தாய். நபிகளார் ஓர் அலுவலாக அனுப்பினார்கள் என்றார் மகன். என்ன அலுவல் என்று தாய் வினவ, அது இரகசியம் என்றார் சிறுவர். நம் இல்லங்களில், ‘தாயிடம் மறைப்பதா?’ என்னும் சினம் எழுந்திருக்கும். உம்மு சுலைமோ, இறைத்தூதரின் இரகசியத்தை எவரிடமும் சொல்லாதே என்று மகனை உறுதிப்படுத்தினார். தமக்கு அறியும் ஆவல் இருந்தும், மகனின் நம்பகத்தன்மை அதனினும் பெரிது என அவர் கருதினார். மகனிடமிருந்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்வதைக் காட்டிலும், நம்பத்தக்கவனாக அவனை ஆக்குவதே வளர்ப்பு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. அச்சிறுவரே பின்னாளில் 2,000-க்கும் மேற்பட்ட நபிமொழிகளை அறிவித்த அனஸ் பின் மாலிக் (ரலி) ஆவார். வாய்காக்கப் பழகியவரின் வாய்ச்சொல்லை உலகம் நம்பியது.

6. இமாம் ஷாஃபியின் அன்னை

காயல்பட்டினம், கீழக்கரை முதலான தமிழகக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். அம்மத்ஹபின் இமாம், ஹிஜ்ரி 150-இல் (கி.பி. 767) காஸாவில் பிறந்தார் என்பது பரவலான கருத்து. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். ஏறத்தாழ இரண்டு வயதில் அவரை எடுத்துக்கொண்டு அன்னை மக்காவுக்குச் சென்றார். உறவினரிடையே மகன் வளர வேண்டும், கல்விச் சூழலில் வளர வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஆசிரியருக்குக் கொடுக்க அவரிடம் பொருள் இல்லை. ஆசிரியர் எழுந்து சென்ற வேளைகளில் பிற பிள்ளைகளை மேற்பார்த்துக்கொள்வதையே கட்டணமாக ஏற்க ஆசிரியர் இசைந்தார். எழுதத் தாள் வாங்க இயலாமல் எலும்புகளிலும், அலுவலகங்களில் கழிக்கப்பட்ட தாள்களின் வெற்றுப் பக்கங்களிலும் அவர் எழுதினார் என வரலாற்றாசிரியர் குறிக்கின்றனர். ஏழு வயதில் திருமறையை மனனம் செய்தார்.

மகன் எழுதிய எலும்புகளைக் குப்பையென எறியாமல் இடம் கொடுத்த ஒரு சிறு வீட்டை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வன்னை நூல் எதுவும் எழுதவில்லை. அவர் பெயரையும் நம்மில் பெரும்பாலோர் அறியோம். ஆயினும், இன்று நம் கடற்கரை ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுகையின் நுண்முறைகளைக் கற்கும் ஒவ்வொரு சிறுவனும் அவ்வேழைத் தாயின் முடிவுக்குக் கடன்பட்டவனாவான்.

7. நகையை அடகு வைத்த பீ அம்மா

இந்திய விடுதலை வரலாற்றில் அலி சகோதரர்கள் எனப் போற்றப்பெறும் சௌக்கத் அலி, முஹம்மது அலி ஆகியோரின் அன்னை ஆபாதி பானு பேகம். மக்கள் அவரைப் பீ அம்மா என்றழைத்தனர். 1878-இல் பிறந்த முஹம்மது அலி ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தையாய் இருந்தபோது தந்தை காலமானார். இளம் விதவையான பீ அம்மா மறுமணம் செய்துகொள்ளாமல் பிள்ளைகளை வளர்த்தார். தாம் முறையான பள்ளிக் கல்வி பெறாதவர். ஆயினும், ஆங்கிலக் கல்வியை உறவினர் வெறுத்த அக்காலத்தில், தம் நகைகளை அடகு வைத்து மைந்தரைப் பரேலிப் பள்ளிக்கு அனுப்பினார். பின்னர் அவர்கள் அலிகாரில் பயின்றனர். முஹம்மது அலி ஆக்ஸ்போர்டு வரை சென்றார்.

மைந்தர் இருவரும் ஆங்கில அரசால் காவலில் வைக்கப்பட்டிருந்தபோது, 1917-இல் கல்கத்தாவில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டில் பர்தா அணிந்தவாறே பீ அம்மா உரையாற்றினார். கிலாபத் இயக்கக் காலத்தில் முதிய வயதிலும் நாடெங்கும் பயணம் செய்து, 1924-இல் மறைந்தார். புறநானூற்றுத் தாய் மகனைப் போருக்கு அனுப்பினாள். இத்தாய் மைந்தர் சிறைப்பட்டபோது தாமே களத்திற்கு வந்தார்.

8. இராமேசுவரத்து வெறுந்தட்டு

மேலே கண்டோர் தந்தையின்றி மைந்தரை வளர்த்தவர். தந்தையும் உடனிருந்த ஓர் எளிய இல்லத்தையும் காண்போம். 1931-இல் இராமேசுவரத்தில் ஜைனுலாப்தீன், ஆஷியம்மா இணையர்க்குப் பிறந்தவர் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பொருளுக்குத் தட்டுப்பாடு இருந்தது. ஒரு நாள் தாய் இட இட, சிறுவர் கலாம் சப்பாத்திகளை உண்டுகொண்டே இருந்தார். அன்றிரவு தமையனார் அவரைத் தனியே அழைத்துக் கண்டித்தார். தாய் தம் பங்கையும் அவருக்கே இட்டுவிட்டார் என்பதையும், தமக்கென ஒன்றும் எஞ்சவில்லை என்பதையும் அப்போதுதான் சிறுவர் அறிந்தார். ஓடிச்சென்று தாயைக் கட்டிக்கொண்டார். நாட்டின் குடியரசுத் தலைவரான பின்னரும் இந்நிகழ்ச்சியைப் பலமுறை அவர் நினைவுகூர்ந்தார். சென்னையில் எம்.ஐ.டி.யில் சேர்வதற்கான பணத்திற்குத் தமக்கையார் ஜொஹ்ரா தம் பொன் நகைகளை அடகு வைத்ததையும் அவர் மறவாமல் எழுதியுள்ளார்.

இந்நிகழ்ச்சியில் மூவர் உள்ளனர். தாய் தந்தார், சொல்லவில்லை. இளைய மகன் உண்டார், பார்க்கவில்லை. மூத்த மகன் பார்த்தார், சொன்னார். மூத்தவரின் கண்டிப்பு இல்லாதிருந்தால், இளையவர் தாயின் வெறுந்தட்டை அறியாமலே வளர்ந்திருக்கக் கூடும். தாயின் தியாகத்தைப் பாடுவது எளிது. அத்தியாகம் தேவைப்படாதவாறு நடந்துகொள்ள மகனைப் பழக்குவதே கடினம்.

9. இன்றைய இல்லங்கள்

வாப்பா என்று கடற்கரை ஊர்களிலும், அத்தா என்று உள்நாட்டு ஊர்கள் பலவற்றிலும் அழைக்கப்பெறும் தந்தை, நம் சமுதாயத்தில் நெடுங்காலமாகவே தொலைவில் வாழ்பவர். முன்பு இலங்கை, பர்மா, மலேயா. 1970-களுக்குப் பின் வளைகுடா நாடுகள். தந்தையின் முகத்தைக் கைப்பேசியில் நாள்தோறும் காண முடிகிறது. எனினும், வைகறையில் தொழுகைக்கு எழுப்புவதும், ஓதப் பள்ளிக்கு அனுப்புவதும், பள்ளிச் சீருடை தேய்ப்பதும், கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்கு விடை காண்பதும், மாலையில் மகன் யாரோடு நிற்கிறான் என்று பார்ப்பதும் தாயின் பொறுப்பே. பொன்முடியார் வகுத்த இரு கடமைகளும் இன்றும் ஒருத்தியின் தோளில் உள்ளன.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மணமகன் மனைவியின் இல்லத்தில் வாழும் வழக்கம் உண்டு. அங்கு மணத்திற்குப் பின் வேறு வீடு புகுபவன் மகனே. புகுந்த வீட்டில் எவ்வாறு நடக்க வேண்டும் என்று மகளுக்கு மட்டுமே அறிவுரை கூறும் தமிழுலகில், அவ்வூர்த் தாய் மகனுக்கும் அதனைக் கூற வேண்டியவளாகிறாள்.

எங்கு வாழினும் மகன் கற்க வேண்டியவை சில உள. நபிகளார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். தம் காலணியைத் தாமே செப்பனிட்டதும், ஆடையைத் தாமே தைத்ததும் நபிவரலாற்றில் உள்ளவை. இதனை மேடையில் பேசும் இளைஞர், வார இறுதியில் அழுக்குத் துணி மூட்டையோடு விடுதியிலிருந்து வீடு செல்வது முறையாகுமா? உண்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும் அண்ணனுக்குத் தங்கை தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது எந்த சுன்னத்?

இதில் தாய்மாருக்கும் பங்கு உண்டு. அன்பின் மிகுதியால் மகனை ஒரு வேலையும் செய்ய விடாமல் தடுப்பவர் தாயே. அவர் அதனைப் பாசம் என்று எண்ணுகிறார். மற்றொரு வீட்டுப் பெண் நாளை அதன் சுமையைத் தாங்க நேரிடும் என்பதை எண்ணுவதில்லை.

ரமலான் மாதத்து ஸஹர் நேரத்தை நினைவுகூர்க. வீட்டில் முதலில் எழுபவர் தாய். அடுப்பு மூட்டி, சமைத்து, ஒவ்வொருவராக எழுப்பி, அனைவருக்கும் பரிமாறிய பின் கடைசியாக அவர் அமர்கிறார். அப்போது பாங்கு ஒலிக்கச் சில நிமிடங்களே எஞ்சியிருக்கும். விரைவாய் இரண்டு கவளம் உண்டு, ஒரு குவளை நீர் அருந்தி நோன்பு வைக்கிறார். அவருக்கும் அதே நோன்புதான், அதே பகற்பொழுதுதான்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. மகன் தானாக வளர்வதில்லை; அவனை வளர்ப்பது நாள்தோறும் செய்யப்பெறும் சிறுசிறு செயல்களே. பிள்ளைத்தமிழ் அச்செயல்களைப் பருவமாக்கிப் பாடியது. சிற்றிற் பருவம் வலிமையை அடக்கக் கற்பிக்கிறது. உம்மு சுலைம் நம்பகத்தையும், இமாம் ஷாஃபியின் அன்னை கல்வியின்பாற் கொண்ட உறுதியையும், பீ அம்மா துணிவையும் மைந்தர்க்குத் தந்தனர். இராமேசுவரத்து இல்லம், தாயைப் பார்க்கும் கண்ணை மகனுக்குத் தர வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். தந்தை தொலைவில் இருக்கும் வீடுகளில், பொன்முடியார் சொன்ன கொல்லனையும் வேந்தனையும் போல, ஊரும் ஜமாஅத்தும் கல்விக்கூடமும் அத்தாய்க்குத் துணை நிற்றல் வேண்டும். அவள் மகன் தவறினால் அவளைக் குறைகூறும் ஊர், அவன் தவறுமுன் அவளுக்கு என்ன செய்தது என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். தாயைப் பற்றிக் கவிதை எழுதுவது நன்று. விடுமுறைக்கு வீடு செல்லும்போது, அனைவரும் உண்டு முடித்த பின் அடுக்களைக்குச் சென்று பாத்திரத்தில் என்ன எஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது அதனினும் நன்று. அடுத்த ரமலானில் ஒரு நாளேனும் தாய்க்கு முன் எழுந்து, அவரை முதலில் அமரச் செய்து பரிமாறுக. தாயின் காலடியில் சுவனம் உண்டு என்னும் நபிமொழிக்கு நீங்கள் எழுதும் விளக்கவுரை அதுவேயாகும்.